ஆபீஸில் ஒரு பாஸ், காரில் ஒரு பாஸ்!

மூக்கில் பிளாஸ்திரியோடு ஆபீசுக்குப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். 1998-ம் வருஷம், ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை.

"என்ன சார், வீட்ல ஏதும் சண்டையா?" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க்.

"இல்ல சார், கார் ஸ்டியரிங் பட்டுருச்சு."

"அடடா, ஆக்ஸிடெண்ட்டா? எங்க?"

"எங்கயும் இல்ல. வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் ஸ்டியரிங்கக் கழட்டுனேன். அது வந்து மூஞ்சில அடிச்சிருச்சு."

அன்றைக்கு லஞ்ச் வரை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் யாரும் வேலை பார்க்கவில்லை. "கவலைப்படாதீங்க சார். பக்கத்துல சத்திரப்பட்டி இருக்கு, பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமே வராது" என்று ஆறுதல் வேறு. (சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதுதான் பிரதான தொழில். ஜோக் என்னவோ சரியான ஜோக்தான்.)

விஷயம் இதுதான். அடியேன் ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி. உத்தியோகம் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில். நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தவன், ஒரு சுபயோக சுபதினத்தில் 1982 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கிவிட்டேன். ஆர்.சி. புக்கில்தான் பத்மினி. எங்கள் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான்: ஃபியட்டு. வண்டி சொக்கத் தங்கம். ஸ்டியரிங் வீல் மட்டும் வெயிலில் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. வெடிப்பில் உள்ளங்கை மாட்டினால் சுரீர் என்று கிழிக்கும்.

பழைய வீலே ஒன்று தேடி மாட்டியிருக்கலாம். புத்தி எங்கே போகும்? மதுரையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் மூன்று கம்பி வைத்து, கருப்புத் தோல் சுற்றி, 14 அங்குலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் தொங்கியது. கையில் பிடித்தேன். கடைக்குள்ளேயே மனசு எண்பதில் போக ஆரம்பித்துவிட்டது.

"ஃபியட்டுக்குச் சேருமா?"

"எல்லா வண்டிக்கும் சேரும் சார்!"

இந்த வாக்கியத்தை நம்பி இதுவரை பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் கைதூக்கலாம். நானும் தூக்குகிறேன்.

வீட்டுக்கு வந்து பழைய வீலின் நடுவில் இருந்த நட்டைக் கழற்றினேன். வீல் வரவில்லை. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை முட்டுக் கொடுத்து ஒரு இழு. வந்தது. வந்த வேகத்தில் நேராக மூக்குக்கு வந்தது. விவரம் தெரிந்த மெக்கானிக் நட்டை முழுசாகக் கழற்ற மாட்டார். நாலு மரை விட்டு வைத்துவிட்டுத்தான் இழுப்பார். வீல் விடுபட்டாலும் நட்டில் தட்டி நின்றுவிடும். இந்த ஒரு வரிக்காக நான் கொடுத்த விலை மூக்குத்தண்டு.

அதற்குப் பிறகுதான் நிஜமான தமாஷ். ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் தலையில் சன்னமாக, நீளவாக்கில் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும். வீலின் நடுக்கட்டையிலும் அதே பல் உட்புறமாக இருக்கும். பல்லும் பல்லும் கோத்துக்கொள்வதால்தான் நாம் திருப்பினால் ஷாஃப்ட் திரும்புகிறது. நட்டின் வேலை, வீல் கழன்று மேலே வராமல் பிடித்துக்கொள்வது மட்டும். நான் வாங்கி வந்த புது வீலின் நடுவிலோ பல்லும் இல்லை, சொல்லும் இல்லை. வட்டமாக ஆறு ஓட்டை, அவ்வளவுதான்.

காரணம் பிறகு தெரிந்தது. கார் கம்பெனிக்குக் கம்பெனி பல் கணக்கு மாறும். வீல் செய்கிறவனோ எந்தக் காருக்கும் விற்க வேண்டும். அதனால் அவன் பல் பக்கமே போகாமல் ஆறு ஓட்டையோடு நிறுத்திக்கொள்கிறான். இரண்டு பேருக்கும் நடுவே கல்யாணத் தரகர் மாதிரி ஒரு உருப்படி வேண்டும். ஒரு பக்கம் ஷாஃப்ட்டின் பல், மறுபக்கம் ஆறு ஓட்டை. அதற்குப் பெயர் பாஸ்! ஆபீசில் ஒருத்தர் இருப்பது போதாதென்று காருக்குள்ளும் ஒருத்தர்.

இந்த மாதிரி வீல்களின் பூர்வீகம் ரசமானது. இத்தாலியில் மொரெட்டி என்று ஒரு பந்தயக்காரர். கம்பெனி வீல் கைக்குப் பிடிக்காமல், தடிமனாக ஒரு வீலை உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் சொல்லித் தனக்கென்று செய்துகொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, ஃபெராரியில் ஜான் சர்ட்டீஸின் கைக்கும் அது போயிற்று. அந்த 1964-ம் வருஷம் சர்ட்டீஸ் உலக சாம்பியன். மொரெட்டியின் 'மோ', மோன்ஸா பந்தயப் பாதையின் 'மோ' சேர்ந்து 'மோமோ' கம்பெனி. என்னுடையது மோமோ இல்லை. அதற்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியட்டுக்கு ரெடிமேட் பாஸ் கேட்டு மதுரையில் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. "பழைய வீலோட நடுக்கட்டைய அறுத்து, ஒரு பிளேட்ட வச்சு வெல்டு அடிச்சா முடிஞ்சுது சார். அரைமணி நேர வேலை" என்றான் வழியில் ஒரு வெல்டிங் தம்பி. செய்தும் கொடுத்தான். அறுபது ரூபாய். கருப்புப் பெயிண்ட் அடித்து மாட்டியபோது, ஆஹா, கம்பெனி சரக்கு மாதிரியே இருந்தது.

ஓட்டினால்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணல். கழற்றுவதற்கு முன்னால் முன்சக்கரங்களை நேராக வைத்து ஷாஃப்ட்டிலும் கட்டையிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தியிருக்க வேண்டும். நான் குத்தவில்லை. சுற்றிலும் 36 பல் என்றால் ஒரு பல் மாறி உட்கார்ந்தாலே 10 டிகிரி போச்சு. அடுத்தது கனம். பழைய வீல் 16 அங்குலம், புதுசு 14. முன்னே ஏழு கிலோ பலத்தில் திரும்பிய வண்டிக்கு இப்போது எட்டு கிலோ பலம் வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. ரிவர்ஸ் எடுத்து வீட்டுச் சந்துக்குள் நுழைப்பதற்குள் ஜிம்முக்குக் கொடுக்கிற காசு மிச்சம். அப்புறம், சுற்றும்போது வீல் லேசாகக் கும்மாளம் போட்டது. பிளேட் மையத்தில் உட்காரவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஹாரன் அடிக்காததை மட்டும் பொறுக்க முடியவில்லை. அதுவும் ஆடிப்பூர சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் ஹாரன் இல்லாத காரோடு மாட்டிக்கொள்வது என்ன என்று மாட்டியவனுக்குத்தான் தெரியும். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, கொஞ்சம் வழி... அக்கா, கொஞ்சம் ஓரமா..." என்று கத்திக்கொண்டே கடைத்தெருவைத் தாண்டினேன். ஒரு பெரியவர் நின்று நிதானமாக வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "தேருக்குக்கூட ஹாரன் கிடையாது தம்பி. அது பாட்டுக்குப் போகுது" என்றார்.

ஆபீசில் புலம்பியபோது மில் ஃபிட்டர் ஒருவர் கைகாட்டிவிட்டவர்தான் ராஜபாளையத்து லேத் அண்ணாச்சி. அறுபது வயசிருக்கும். வாழ்நாள் முழுக்க மில் சாமான்கள் கடைந்தவர். நூற்பு மில்லில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு தலைமுடி அளவு கோணினால் போதும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்தச் சாமான்களோடு பழகியவர்களுக்குக் கோணல் என்றாலே ஆகாது. ராஜபாளையத்தில் லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் "சும்மா சுமாரா இருந்தாப் போதும்" என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினேன். வாசலில் இளஞ்சிவப்பு மூக்கோடு பால் வெள்ளையில் ஒரு ராஜபாளையம் நாய் படுத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. (ஊர்ப் பெயரையே சாதிப் பெயராக வைத்திருக்கிற நாய். கொஞ்சம் மிடுக்கு இருக்கத்தான் செய்யும்.)

"ஹாரனுக்கு ஒரு பித்தளை வளையம் கடைஞ்சு குடுக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி வீலைக் கழற்றச் சொன்னார். கழற்றி, அந்த அறுபது ரூபாய் பாஸைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார்.

"இத யாரு தம்பி செஞ்சது?"

சொன்னேன்.

ஒன்றும் பேசவில்லை. கட்டைப் பக்கத்தை வைஸில் வைத்து இறுக்கினார். சுத்தியலை எடுத்தார்.

"அண்ணாச்சி, அண்ணாச்சி! நாளைக்குக் காலைல வண்டி வேணும். மதுரைக்குப் போகணும்."

"யாரு யாரு போறீங்க?"

"நானும் அம்மாவும். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிளேட்டின் ஓரத்தில் அடித்தார். பெரிய அடி இல்லை. ஆணி அடிக்கிற அடிதான். டங். இன்னொன்று. டங். மூன்றாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. டக். பிளேட் கழன்று தரையில் விழுந்து, அரை வட்டம் போட்டு, நாய்க்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது.

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வாரம் அறுபதில் போய் வந்திருக்கிறேன். மொட்டமலை தாண்டும்போது எதிரே லாரி வரும். அப்போது அது கழன்றிருந்தால் கையில் வட்டமாக வீல் மட்டும் இருந்திருக்கும். வண்டி அதன் இஷ்டத்துக்குப் போயிருக்கும். நாளைக்குப் பின்சீட்டில் அம்மா.

அண்ணாச்சி உடைந்த இடத்தை விளக்கடியில் காட்டினார். மேலே மீன் செதில் மாதிரி அழகான வெல்டு. உள்ளே பாதிக்கு மேல் வெறும் கசடு. "பழைய பிளாஸ்டிக்கு, ரப்பர் எதையும் சுத்தமா எடுக்காம அடிச்சிருக்கான். புகை உள்ள போயிருக்கு. ஓரத்தச் சரிச்சு வெட்டாம அடிச்சதால வெல்டு அடி வரைக்கும் எறங்கல. கட்டை நல்ல ஸ்டீலு. சுட்டுட்டு அப்பிடியே ஆறவிட்டா வெல்டு பக்கத்துல கண்ணாடி மாதிரி ஆயிரும். கண்ணுக்குத் தெரியாம கீறல் விடும்." கோபமாகச் சொல்லவில்லை. ஜுரத்துக்கு டாக்டர் காரணம் சொல்வது மாதிரி சொன்னார். எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

"அப்ப புதுசா முழுசா கடைஞ்சிருங்க அண்ணாச்சி."

"முழுசா என்னால ஆகாது தம்பி. இந்தப் பல்லு இருக்குல்ல, இத வெட்ட வேற மிஷின் வேணும். கம்பெனிக்காரன் வெட்டுன பல்லு பல்லுதான். அத நாம தொடக் கூடாது. பல்லுக்கு வெளிய என்ன வேணும்னாலும் செய்யலாம்."

ஏழு மணிக்கு ஆரம்பித்தார். முதலில் பழைய நடுக்கட்டை. மிச்சமிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டி, பல்லை மையமாக வைத்து லேத்தில் கட்டி, வெளிப்புறத்தைக் கடைந்தார். ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் கொஞ்சம் பெரிசாக ஒரு படி விட்டார். பிறகு ஈ.என். 8 ஸ்டீலில் 100 எம்.எம். ரவுண்டு ஒன்றை எடுத்துத் தொப்பி மாதிரி குடைந்தார். தொப்பியின் அடியில் நடுக்கட்டை நுழைய ஒரு துளை. தொப்பியின் விளிம்பில் புது வீலின் ஆறு ஓட்டை. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

விளிம்பில் ஆறு ஓட்டை குறிப்பதைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். வீலில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தார். 35 எம்.எம். "அப்ப வட்டம் எழுவது" என்றார். எப்படி? பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்துப் பூ வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? காம்பஸை விரித்த அளவு மாறாமல் வட்டத்தின் மேல் எட்டு வைத்தால் சரியாக ஆறு எட்டில் தொடங்கிய இடத்துக்கு வரும். அதாவது ஆறு ஓட்டைக்கு, பக்கத்து ஓட்டை தூரமும் வட்டத்தின் ஆரமும் ஒன்றேதான். ஆறு வருஷம் கணக்கு டீச்சர் சொல்லி ஏறாதது, அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏறியது. (70 எம்.எம். என்பது மோமோக்காரர்களின் அளவு. நார்டி என்ற இன்னொரு இத்தாலிக்காரர்களுக்கு 74. இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். ஒன்றின் போல்ட் மற்றதில் இறங்காது. ஆகவே வாங்குமுன் அளக்கவும்.)

தொப்பியின் ஆழத்துக்கும் ஒரு கணக்கு. அந்த ஃபியட்டில் கியர், ஸ்டியரிங்குக்கு அடியிலேயே கைப்பிடியாக இருக்கும். வீல் ரொம்ப உள்ளே போனால் கியர் போடும்போது விரல் முட்டி இடிக்கும். ரொம்ப வெளியே வந்தால் தொந்தி இடிக்கும். என்னை வண்டியில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, தையல்காரர் மாதிரி அளவெடுத்தார்.

பிறகு சேர்ப்பு. தொப்பியின் துளையை நடுக்கட்டையைவிட நூறில் நாலு எம்.எம். குறைவாக வைத்திருந்தார். எப்படி நுழையும்? தொப்பியை ஊதுவிளக்கில் சூடேற்றினார். தண்ணீர் தெளித்தார். சொட்டுச் சொட்டாக உருண்டு ஓடியது. "இப்பப் போதும்" என்று இடுக்கியில் பிடித்து, நடுக்கட்டையின் அடிப்பக்கமாக நுழைத்தார். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போய் அந்தப் படியில் தட்டி நின்றது. ஆறியதும் கவ்விக்கொண்டது. நாம் வீலை நம் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் தொப்பி படியில் போய்த்தான் அழுந்தும். கழன்று கைக்கு வராது. அதோடு விட்டாரா? தொப்பியும் கட்டையும் சேருகிற கோட்டின் மேலேயே மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, மரை எடுத்து, தலையில்லாத திருகை இறக்கினார். பாதித் திருகு தொப்பியில், பாதி கட்டையில். ஒன்றைவிட்டு ஒன்று சுற்ற வழியே இல்லை. திருகின் தலையைப் பஞ்சால் குத்தி அடைத்தார். ஒரு பொட்டு வெல்டு கிடையாது.

திரும்ப அதே வைஸ். இந்தத் தடவை சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அடிங்க."

"நானா?"

"அம்மாவக் கூட்டிட்டுப் போறது நீங்கதான?"

அடித்தேன். ஆபீசில் யார் யார் மேலோ இருந்ததெல்லாம் சேர்த்து இருபது அடி. கடைசி அடியிலும் அதே டங். அண்ணாச்சி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. "ம்" என்றார். அன்றைக்கு அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அதுவும் எனக்கில்லை, அவருக்கே.

கடைசியில் ஹாரன். அதன் ரகசியம் இவ்வளவுதான்: பட்டனை அமுக்கினால் ஒரு வயர் பாடியைத் தொட்டு எர்த் ஆகும், ஹாரன் கத்தும். ஆனால் வீல் சுற்றுகிற சாமான். வயரை நேராகக் கட்டினால் முறுக்கிக்கொள்ளும். அதனால் வீலுக்கு அடியில் ஃபைபர் அட்டை மேல் ஒரு பித்தளை வளையம், அதை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க ஸ்பிரிங் வைத்த ஒரு மூக்கு. ராத்திரி ஒரு மணிக்கு மாட்டி, சக்கரத்தை நேர் பார்த்து, புள்ளி குத்தி, நட்டை முறுக்கி, பட்டனை அமுக்கினேன். பாம்! நாய் எழுந்து பதிலுக்குக் குரைத்தது. எதிர்வீட்டு ஜன்னலில் லைட் எரிந்தது. "எவன்டா அது?"

கூலி முந்நூற்றைம்பது ரூபாய். மறுவாரம் அரைக்கிலோ பால்கோவா கொண்டுபோய்க் கொடுத்தேன். "சுகர் இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைப் பிரித்தார்.

அம்மா மதுரை வரைக்கும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது ஒரு தடவை விழித்து, "என்னடா, வீல் சின்னதாப் போச்சு? துணி மாதிரி சுருங்கிருச்சா?" என்று கேட்டாள். பிறகு மறுபடி தூங்கிவிட்டாள். அப்போதுதான் அவளுக்குப் பார்வை மங்கல். ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது தெளிவாகப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இந்த வெட்டிச் செலவு?" என்றாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணாச்சியின் பாஸ் உடையாது. நசுங்கவும் நசுங்காது. முன்பக்கம் மோதினால் ஸ்டியரிங் ஈட்டி மாதிரி நெஞ்சில் பாய்ந்து பல பேர் செத்த பிறகுதான் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், 1967 மாடல்களில் மடங்கி உள்வாங்குகிற ஸ்டியரிங் காலத்தை வைத்தது. நல்ல கம்பெனிகளின் பாஸ்களில் நசுங்கிக்கொடுக்கும்படி செய்தவையும் உண்டு. என் நெஞ்சுக்கு நேரே இருந்ததோ கெட்டி ஸ்டீல் தொப்பி. அது எனக்குத் தெரிந்தது ரொம்ப வருஷம் கழித்து. வண்டியை விற்ற பிறகு.

இப்போது இந்த வேலைக்கே வழியில்லை. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதுக் கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அது குடியிருப்பதே ஸ்டியரிங்கின் நடுவில்தான். வீலை மாற்றினால் ஏர்பேக்கும் போச்சு. அதே 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், வண்டியைக் கம்பெனி தந்த மூல அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டிச் சொல்லிவிட்டது. போன மாதம் என் மகன் தன் புதுக் காருக்கு ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் போடலாமா என்று கேட்டான். "நடுவுல என்ன எழுதியிருக்கு, படி" என்றேன். படித்தான். "சரி, கவராவது வாங்கி மாட்டிக்கிறேன்" என்று போய்விட்டான்.

உடைந்து விழுந்ததே, அந்த அறுபது ரூபாய்ப் பிளேட். அதை அண்ணாச்சி அன்றைக்கே ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "மேஜை மேல வச்சுக்கிடுங்க" என்றார். வைத்துக்கொண்டேன். ரிட்டையர் ஆகும் வரை ஆபீசில் அதுதான் எனக்குப் பேப்பர் வெயிட். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எடுத்துப் பார்த்து, "என்ன சார் இது?" என்பார்கள்.

"என் பழைய பாஸ் தம்பி."

"என்ன ஆச்சு சார்?"

"மூணு தட்டுத் தட்டுனோம். விட்டுட்டாரு."